கண்ணை மூடினால் சிவப்பு விளக்கு

எங்கள் பங்குத் திருவிழாவை முன்னிட்டு இளையோர் மன்றத்தார் ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். செயற்கை அறிவு வரமா, சாபமா என்பது தலைப்பு. வரம் என்று பேசியவர், "மனித மூளை எப்படி யோசிக்கிறதோ அப்படியே இயந்திரமும் யோசிக்கும்" என்றார். சாபம் என்று பேசிய பெண்ணும் அதையேதான் சொன்னார். இவர் பயந்த குரலில் சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டேன். நடுவராக இருந்த பங்குத்தந்தை மைக்கிலேயே கேட்டுவிட்டார்: "என்ன அந்தோணி, சிரிப்பு? மேல வந்து சொல்லுங்க."

"மேடையெல்லாம் வேணாம் சாமி. எழுதித் தரேன்" என்று தப்பித்தேன். இப்போது திருவிழா மலர்க் குழுவினர் விடமாட்டோம் என்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். அந்தத் தம்பி, தங்கை இருவரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் சிரித்தது உங்களைப் பார்த்து அல்ல. உங்களைப் போலவே பேசிய ஒரு மேனேஜர் நினைவுக்கு வந்துவிட்டார்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்தாம் வகுப்பு, பிறகு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர். அம்பத்தூரில் சின்னப் பட்டறைகளில் கொஞ்ச காலம் இரும்புத் தூள் தின்றேன். ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வரிசையாக வந்து இறங்கியபோது, சேரப்பணஞ்சேரியில் வீட்டை வைத்துக்கொண்டு ஏன் அம்பத்தூருக்கு ஓட வேண்டும் என்று, கார் பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான். கம்பெனி பெயர் எழுதவில்லை. ஓய்வு பெற்றவனுக்கு வம்பு எதற்கு?

நான் இருந்தது பிரஸ் ஷாப். தட்டையான தகடு ஒரு பக்கம் உள்ளே போகும். வீட்டு உயரத்துக்கு நிற்கிற இயந்திரம் அதை ஒரே குத்தாகக் குத்தும். மறுபக்கம் கார்க் கதவாக, முன்பக்கத்து மூடியான பானட்டாக வெளியே வரும். குத்துகிற அச்சில் ஒரு தூசி ஒட்டியிருந்தால் போதும், தகட்டில் ஒரு பள்ளம் விழுந்துவிடும், ஷாப்பில் அதை டென்ட் என்போம். பள்ளம் என்றால் நீங்கள் கண்ணால் பார்க்கிற பள்ளம் இல்லை. வெறும் தகட்டில் எதுவும் தெரியாது. பெயின்ட் அடித்து, பளபளப்பு ஏற்றி, வெயிலில் நிறுத்திய பிறகுதான், செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரில் காற்று பட்டால் நெளியுமே, அதுபோல ஓரிடத்தில் வெளிச்சம் நெளியும். அப்போது கார் கடைக்கே போயிருக்கும். வாங்க வந்தவர் நெளிவை விரலால் காட்டுவார். அதற்கு முன்னால் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கையால்தான். வெள்ளைப் பருத்தி உறை மாட்டிக்கொள்வோம். தகட்டின் மேல் பிரஸ் எண்ணெய் பூசியிருக்கும், அதைத் துணியால் ஒருமுறை துடைப்போம். பிறகு உள்ளங்கையைப் பரப்பி வைத்து, அழுத்தாமல், மெதுவாக ஒரே திசையில் தடவிக்கொண்டு போக வேண்டும். விரல் நுனியால் தடவினால் கிடைக்காது. விரல் தொடங்குகிற இடத்தில் கொஞ்சம் சதை இருக்கிறதே, அதுதான் பார்க்கும். பார்க்கும் என்றுதான் நாங்கள் சொல்வோம். சந்தேகம் வந்த இடத்தில் கத்தி தீட்டுகிற கல் மாதிரி ஒரு கல்லால் லேசாகத் தேய்ப்போம். மேடான இடம் மினுக்கும், பள்ளம் மங்கலாக நிற்கும். அங்கே கிரேயானால் ஒரு வட்டம். பிறகு சுத்தியல்காரர்கள் பாடு.

இதில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் ஷாப்பில் நல்ல கைக்காரர்கள் எல்லாரும் தடவும்போது கண்ணை மூடிக்கொள்வார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எண்ணெய்த் தகட்டில் ட்யூப் லைட் விழுந்து ஆயிரம் கோடு காட்டும். கண் அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, இதுதான் பள்ளம் என்று சண்டை போடும். கண்ணை மூடினால் அந்தச் சண்டை ஓய்ந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் முதலில் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் மூடிக்கொள்வார்கள். எனக்கு இதில் கூடுதலாக ஒரு லாபம். கை தகட்டில் இருக்கும், வாய்க்குள் செபமாலை ஓடும். ஆண்டவர் கோபித்ததில்லை, தகடும் கோபித்ததில்லை.

எங்கள் குவாலிட்டி மேனேஜர் வெங்கட் சார். நல்ல உயரம், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. அவர் தகட்டைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஷாப்புக்குள் வரும்போது காதுக்குப் பெரிய அடைப்பான் போட்டுக்கொள்வார். போட வேண்டியதுதான், சத்தம் அப்படி. ஆனால் அதைக் கழற்றாமலேயே எங்களிடம் குறை கேட்பார். "சார், ரெண்டாவது டேபிள்ல லைட்டு எரியல" என்றால், "எக்ஸலண்ட்" என்பார். "சார், க்ளவுஸ் கிழிஞ்சிருக்கு" என்றால், "கீப் இட் அப்" என்று தோளில் தட்டுவார். பிறகு போய், தொழிலாளர்களுடன் நேரடியாக உரையாடினேன் என்று அறிக்கை அனுப்புவார். கெட்ட மனிதர் இல்லை. யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் வந்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போவார். கேட்கிற பழக்கம்தான் இல்லை.

ஒருநாள் எங்கள் எல்லாரையும் ட்ரெயினிங் ஹாலுக்குக் கூப்பிட்டார். கோட்டு போட்ட ஒருவர் பெட்டியைத் திறந்து, கறுப்பாக ஒரு பட்டையை எடுத்துத் தம் தலையில் மாட்டிக்கொண்டார். நெற்றிக்கு நேராக அதில் ஒரு சின்ன விளக்கு. மூளையில் ஓடுகிற மின்சாரத்தை அந்தப் பட்டை படிக்குமாம். கவனமாக இருந்தால் பச்சை, கவனம் தளர்ந்தால் மஞ்சள், தூங்கினால் சிவப்பு. கோட்டுக்காரர் சொன்னார்: "மூளையைப் பார்த்துத்தான் இந்த இயந்திர அறிவையே உருவாக்கினோம். இனிமேல் உங்கள் மூளை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்கும். பதிலுக்கு இயந்திரம் உங்கள் மூளையைப் பார்த்துக்கொள்ளும்."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காமாட்சி குனிந்து, "அண்ணே, இது மாமியார் மருமவ ஏற்பாடு மாதிரி கீதே. யாரு யார பாத்துக்கப் போறாங்க?" என்றாள்.

காமாட்சியைச் சொல்லியாக வேண்டும், இது அவள் கதை. வாலாஜாபாத் பக்கம் விவசாயக் குடும்பம். பானட் மேசையில் எனக்கு ஜோடி. பானட் பெரியது, ஒருவர் கை எட்டாது. அதனால் ஆளுக்குப் பாதி, எதிரும் புதிருமாக நின்று தடவுவோம். அவள் கையைப் போல ஒரு கை அந்த ஷாப்பில் இல்லை, என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் அவள் கான்ட்ராக்ட். அவள் கணவனும் வேறொரு கம்பெனியில் கான்ட்ராக்டில்தான் இருந்தான். கால் நசுங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள், இனி வர வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து காமாட்சிக்கு ஒரே வேண்டுதல், வேலை நிரந்தரமாக வேண்டும். "பணத்துக்குன்னு இல்லண்ணே. போன் மணி அடிச்சா எடுக்கவே பயமா கீது. அது நிக்கணும்" என்பாள். அந்த வருடம் எங்கள் ஷாப் கான்ட்ராக்ட் ஆட்களில் ஒருவரை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு இருந்தது. அவள்தான் என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

பட்டை மாட்டிவிட ஒரு பெண் வந்தாள். பெயர் கனி. திருநெல்வேலிப் பக்கம். மூளையைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாளாம், கம்பெனி அவளுடைய கல்லூரியோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. ஒவ்வொருவர் தலையிலும் ஈரப் பஞ்சு வைத்துத் துடைத்து, பட்டையை அழுத்தி மாட்டுவாள்.

"அண்ணாச்சி, தலைய ஆட்டாதீய. எண்ணெய் இவ்ளோ தேச்சா சிக்னல் எப்படி வரும்?"

"எண்ண இல்லாம வந்தா எங்க வூட்ல என்ன உள்ள வுட மாட்டாங்கம்மா."

"பூ வெக்கிற எடத்துல பிளாஸ்டிக் வெக்கிறியே கனி," என்பாள் காமாட்சி. "இன்னா தெரியுது உள்ள? எதுனா கீதா?"

"நிறைய இருக்குக்கா. எனக்குத்தான் படிக்கத் தெரியல."

இப்படிச் சொல்கிற படித்தவரை நான் அதுவரை பார்த்ததில்லை. டீ நேரத்தில் கேட்டேன், உண்மையிலேயே மூளையைப் பார்த்துத்தான் இந்த இயந்திரத்தைச் செய்தார்களா என்று. சிரித்தாள். "ரொம்ப நாளைக்கு முன்னால நரம்பப் பத்தித் தெரிஞ்சது கொஞ்சந்தான் அண்ணாச்சி. அந்தக் கொஞ்சத்த வச்சு மெஷினுக்கு ஒரு அடித்தளம் போட்டாவ. இப்ப அந்த மெஷின வச்சுத்தான் நாங்க மூளையப் புரிஞ்சிக்கப் பாக்கோம். அது ஒரு அலைய எடுத்து இதுதான் கவனம்னு சொன்னா, நாங்களும் கவனம்னா இதுதான்னு எழுதிருதோம். ராத்திரில யோசிச்சா கொஞ்சம் பயமாத்தான் இருக்கு."

பட்டை மாட்டிய முதல் வாரமே கூத்து ஆரம்பித்துவிட்டது. சுவரில் ஒரு பெரிய டி.வி. வைத்திருந்தார்கள். ஒவ்வொருவர் பேருக்கும் ஒரு கோடு. யார் கோடு ஏறுகிறது, யார் கோடு இறங்குகிறது என்று கேன்டீன்காரர் வரைக்கும் பார்த்துவிட்டுப் போவார். அதில் பச்சையாக உச்சியில் நின்றது யார் தெரியுமா? தகட்டைத் தடவச் சொன்னால் பயந்து இங்கும் அங்கும் பார்த்துக்கொண்டிருக்கும் புது ஆட்கள். சிவப்பில் கிடந்தது நாங்கள். நல்ல கை என்று பேர் எடுத்தவர்கள் எல்லாரும் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தோம், டி.வி. கணக்குப்படி. எல்லாரையும்விட ஆழ்ந்த தூக்கம் காமாட்சி. அவள் பள்ளத்தைக் கண்டுபிடித்து வட்டம் போடுவதற்கு முந்தின நொடி வரைக்கும் சிவப்பு. வட்டம் போட்ட பிறகுதான் விழித்துக்கொள்கிறாள்.

வெங்கட் சார் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசை ஜோடி என்பதால் நானும் போனேன்.

"என்னம்மா, நைட்ல சரியா தூங்கறதில்லையா?"

"நல்லா தூங்கறேன் சார். வேலைலதான் தூங்கறது இல்ல."

"ஆனா டேட்டா அப்படிச் சொல்லலையே. பர்மனென்ட் பண்ற லிஸ்ட்ல உன் பேர் வந்திருக்கு. ஹெட் ஆபீஸ் ரிவ்யூல க்ரீன் வந்தாதான் நான் ஏதாவது செய்ய முடியும்."

"சார், அவ புடிக்கிற டென்ட்ட வேற யாரும் புடிக்கறதில்ல" என்றேன்.

"அது லக்கா இருக்கலாம் இல்லையா, அந்தோணி?"

தூங்கிக்கொண்டே, வருடக்கணக்காக, தினமும், அதிர்ஷ்டத்தால் பள்ளம் பிடிக்கிறாள். இதை அவர் வாய் கூசாமல் சொன்னார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது, இது கோயில் மலர்.

மறுநாள் மதியம், சாப்பாட்டு இடைவேளையில், பட்டையைக் கழற்றாமல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடிச் செபமாலை சொன்னேன். முழுக் கவனத்தோடு சொன்னேன், ஆண்டவர் சாட்சி. பாதியில் யாரோ தோளை உலுக்கினார்கள். வெங்கட் சார். பின்னால் கனி.

"அந்தோணி, டீப் ரெட்ல இருக்கீங்க. தூங்கறதா இருந்தா பேண்டை கழட்டிட்டு தூங்குங்க, டேட்டா கெட்டுப்போகுது."

"தூங்கல சார். செபம் பண்ணிகினு இருந்தேன்."

"மெஷின் தூக்கம்னு காட்டுது."

"அப்போ இத்தினி வருஷமா நான் ஆண்டவர்கிட்ட கொறட்டதான் வுட்டுகினு இருந்தேனா சார்?"

அவர் காதில் அடைப்பான் இருந்தது. "எக்ஸலண்ட்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கனி போகவில்லை. டி.வி.யையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, கண்ணத் தொறங்க."

திறந்தேன்.

"மூடுங்க. தொறங்க. மறுபடி மூடுங்க."

என்னைப் பொம்மை மாதிரி ஆட்டிவைத்தாள். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண்ணை மூடினாலே மூளையின் பின்பக்கத்தில் ஓர் அலை பெரிதாகக் கிளம்புமாம். தூங்கினாலும் மூடுவோம், செபத்துக்கும் மூடுவோம், தகட்டுக்கும் மூடுவோம். அலை மட்டும் எழும். இது மூளை படிப்பவர்கள் முதல் வருடமே படிப்பதாம். "எனக்கே தெரிஞ்ச விசயம். மெஷின் தானா கத்துக்கிட்டதுன்னு நானும் உள்ள எட்டிப் பாக்கல. ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கவங்கள வச்சு அதுக்குப் படிச்சுக் குடுத்திருக்காவ. அவங்க கண்ண மூடினா தூக்கந்தானே? கண்ண மூடி வேல பாக்க ஆளுவ இருக்கும்னு அதுக்கு யாரு சொன்னா?"

நான் மனம் குளிர்ந்துபோனேன். விஷயம் தெரிந்துவிட்டது, இனிச் சரிசெய்துவிடுவார்கள் என்று வெள்ளந்தியாக நம்பினேன். கனி ஒரு பரிசோதனையும் செய்து காட்டினாள். பள்ளம் இருக்கிற தகடு, இல்லாத தகடு எல்லாம் கலந்து அடுக்கி, காமாட்சியைக் கண்ணைத் திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை தடவச் சொன்னாள். மூடினபோது ஒன்றும் தப்பவில்லை. திறந்தபோது பாதி தப்பியது. கனி அதை எடுத்துக்கொண்டு வெங்கட் சார் அறைக்குப் போனாள். கதவு திறந்திருந்ததால் வெளியில் நின்ற எங்களுக்கும் கேட்டது.

"சார், மாடலத் திருத்தணும்."

"திருத்த எவ்வளவு நாள் ஆகும்?"

"ஒரு ஆறு மாசம். புதுசா டேட்டா எடுக்கணும், இங்க வேல பாக்கவங்களையே வச்சு."

"ஹெட் ஆபீஸ் விசிட் அடுத்த மாசம் இருக்கு." பிறகு சார் மலர்ந்துபோய்ச் சொன்னார்: "ஏம்மா இவ்வளவு கஷ்டம்? கண்ணைத் திறந்து வேலை செய்யச் சொல்லிடலாமே!"

மறுநாள் எங்கள் ஷாப்பில் பெரிய படம் ஒட்டினார்கள். ஒரு ஜோடிக் கண், இமையே இல்லாத மாதிரி விழித்துக்கொண்டு. கீழே, 'பரிசோதனையின்போது கண்களை மூடக்கூடாது.' மூளை மாதிரி இயந்திரம் செய்கிறோம் என்று தொடங்கினார்கள். அது மூளை மாதிரி வரவில்லை என்றதும், மூளையை இயந்திரத்துக்குத் தோதாக வெட்டித் தைக்க வந்துவிட்டார்கள். கடவுள் இமையைப் படைத்தபோது வெங்கட் சாரைக் கலந்தாலோசிக்கவில்லை, அதுதான் பிசகு.

காமாட்சி கேன்டீனில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. "கண்ண தொறந்தா கை ஊமையா பூடுதுண்ணே. டென்ட்டு கைக்குக் கீழ கீதுன்னு தெரியுது, ஆனா எங்கன்னு சொல்ல மாட்டேங்குது. மூடினா வேல போவும். தொறந்தா டென்ட்டு போவும். நான் இன்னாதான் பண்றது?"

"தொற" என்றேன்.

"அப்போ டென்ட்டு?"

"அத நான் பாத்துக்கறேன். நான் பர்மனென்ட்டு. ரிடையர் ஆவப்போறவன். என் மூள செவப்பா எரிஞ்சா எவனுக்கு இன்னா?"

ரிவ்யூ வாரம் வந்தது. தலைமையகத்திலிருந்து இரண்டு பேர் வந்து டி.வி. முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். எங்கள் மேசையில் பானட் ஏறியது. காமாட்சி ஒரு பக்கம், பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கிற மாதிரி விழித்துக்கொண்டு. எதிரே நான், கண்ணை மூடிக்கொண்டு. அவள் நெற்றியில் பச்சை, என் நெற்றியில் சிவப்பு. சிக்னலில் நிற்கிற மாதிரி இருந்திருக்கும், பார்த்தவர்களுக்கு.

அன்றைக்கு என்று அச்சில் எங்கோ ஒரு செதில் ஒட்டியிருந்தது. பானட்டின் முன்விளிம்புக்குச் சற்று உள்ளே, அவள் பாதியில், வரிசையாக ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளம். முதல் பானட்டில் அவள் கை அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கியது. நெற்றி விளக்கு மஞ்சளுக்குப் போனது. சட்டென்று கையை நகர்த்தினாள், மறுபடி பச்சை. எண்ணெய் துடைக்கிறவன் மாதிரி துணியை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி அவள் பக்கம் போனேன். துணிக்குக் கீழே உள்ளங்கை. கண்ணை மூடினேன். இருந்தது. விரல் தொடங்கும் சதைக்குக் கீழே, அரிசி நொய் ஒன்று உள்நோக்கி அமுங்கின மாதிரி. கல்லை எடுத்து ஒரு தேய், மங்கலாக நின்றது. துணி மறைவிலேயே வட்டம் போட்டுவிட்டு என் இடத்துக்குத் திரும்பினேன். அடுத்த பானட், அதே துணி, அதே நடை. அன்று முழுக்க மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தேன், பூசைக்குப் பீடத்தைச் சுற்றித் தூபம் காட்டுகிறவர் மாதிரி. வட்டங்கள் அவள் பாதியில் விழுந்துகொண்டே இருந்தன. பள்ளத்தோடு ஒரு பானட்கூட எங்கள் மேசையைத் தாண்டவில்லை.

நாற்காலியில் இருந்தவர்கள் என்ன பார்த்தார்கள்? பச்சை எரிகிற பெண்ணின் பக்கத்தில் வட்டம் மேல் வட்டம். சிவப்பு எரிகிற கிழவன் பக்கத்தில் ஒன்றுமில்லை. போதாக்குறைக்குக் கிழவன் தூக்கத்தில் நடக்கிறான். கவனம் கூடினால் பிழை கண்டுபிடிப்பு கூடும் என்று ருசுவாகிவிட்டது. வெங்கட் சாருக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள்.

இதைப் பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னேன். சாமி பாதியிலேயே நிறுத்தி, "பள்ளத்தோட வண்டி ஏதாவது வெளிய போச்சா?" என்று கேட்டார்.

"இல்ல சாமி."

"அப்போ அடுத்த பாவத்தைச் சொல்லுங்க" என்றார்.

காமாட்சி நிரந்தரமானாள். என்னைத் தூக்க நோய் பார்க்கிற டாக்டரிடம் அனுப்பினார்கள். வீட்டிலிருந்து ஒருவர் கூட வர வேண்டுமாம், என் மனைவி பிலோமினா வந்தாள். டாக்டர் குறட்டை விடுவாரா என்று கேட்டார். "வேலைல தூங்கறாரான்னு தெரியாது டாக்டர். வூட்ல இவரு தூங்குவாரு, பக்கத்து வூடு முழிச்சிக்கும்" என்றாள். டாக்டர் நடக்கச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது, "உங்க தலைல லைட்டு வெச்சி பாக்கணும்னு கல்யாணத்தன்னிக்கே எனக்குத் தோணிச்சி" என்றாள். வண்டியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

நியமன உத்தரவு கொடுத்த அன்று ஷாப்பில் சின்ன விழா வைத்தார்கள். லட்டு கொடுத்தார்கள். வெங்கட் சார் பேசினார். தொழிற்சாலைகளில் மாஸ்டர் சாம்பிள் என்று ஒன்று வைத்திருப்போம். குறையே இல்லாத ஒரு கதவு அல்லது பானட், கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். சந்தேகம் வந்தால் மற்றதை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். வெங்கட் சார் சொன்னார்: "இனிமேல் நம்ம பிளான்ட்ல மூளைக்கும் ஒரு மாஸ்டர் சாம்பிள் இருக்கு. காமாட்சியோட ரிவ்யூ வார ரெகார்டிங்கை மெஷினுக்குக் கொடுத்துட்டோம். புதுசா வர்ற எல்லாரோட கவனத்தையும் அதோடதான் ஒப்பிடப்போறோம். மூளை ஆராய்ச்சி நடத்துற இடங்களுக்கும் அனுப்பறோம்." எல்லாரும் கைதட்டினோம். காமாட்சிக்கு லட்டு தொண்டையில் சிக்கிக்கொண்டது.

விழா முடிந்து கை கழுவுகிற குழாயடியில் நானும் கனியும் அவளைப் பிடித்துக்கொண்டோம். கனி கேட்டாள்: "அக்கா, அன்னைக்கு மொத பானட்டுக்குப் பொறவு நாள் முழுக்க ஒரு சொட்டு இறங்காம பச்சையாவே வச்சிருந்தியளே, எப்படி?"

காமாட்சி இரண்டு பக்கமும் பார்த்தாள். "கோச்சிக்காதே கனி. கண்ண தொறந்துகினு சும்மா கைய தேச்சிகினு நின்னா எனக்கு நெஜமாவே தூக்கம் வந்துச்சி. மஞ்சளுக்குப் போச்சி. பயந்துபூட்டேன். அப்போ வெங்கட் சாரு எதிர்ல வந்தாரு. மனசுக்குள்ள திட்டினேன். உடனே பச்ச. வுட்டா எறங்குது, திட்னா ஏறுது. சரின்னு காத்தாலேர்ந்து சாய்ந்திரம் வரைக்கும் அந்தாள வுடவே இல்ல. எங்க ஊரு கெட்ட வார்த்த எல்லாம் தீந்துபோயி, கடைசில எங்க மாமியாரு சொல்றதெல்லாம் எரவலு வாங்கினேன்."

கனி குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு அப்படியே நிறுத்திவிட்டாள். "அண்ணாச்சி, இதப் படிச்சுத்தான் அடுத்த மெஷின் வரும். அந்த மெஷின் சொல்லுததப் படிச்சுத்தான் எனக்குப் பின்னால வாரவ மூளையப் பத்தி எழுதுவா" என்றாள். நேரே மேலே போய் வெங்கட் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், யார் யாரைத் திட்டினார் என்பதை மட்டும் விட்டுவிட்டு. ஆஃப்லைனில், அதாவது பிறகு தனியாக, பேசலாம் என்றாராம். அவளுடைய ஒப்பந்தத்தை அதன் பிறகு புதுப்பிக்கவில்லை. ஊருக்குப் போகும்முன் எங்கள் கைகளை மட்டும், கண்ணை மூடித் தடவுகிற கைகளை, வீடியோ எடுத்துக்கொண்டாள். அதை வைத்துப் புதிதாக ஆராய்ச்சியைத் தொடங்கியிருக்கிறாள். அவளுக்காகத் தினமும் ஒரு மன்றாட்டு என் செபத்தில் உண்டு.

காமாட்சி நிரந்தரமான மறுநாளே கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றியில் சிவப்பு ஜெகஜோதியாக எரிந்தது. "பயமா இல்லியா?" என்றேன்.

"கான்ட்ராக்ட்டுக்கு செவப்பு எரிஞ்சா வூட்டுக்கு அனுப்புவாங்க. பர்மனென்ட்டுக்கு எரிஞ்சா டாக்டர்கிட்டதான அனுப்புவாங்கண்ணே" என்றாள். அனுப்பினார்கள். அவளையும் நடக்கச் சொன்னார் டாக்டர்.

நான் ஓய்வு பெற்ற பிறகு உள்ளே என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாமல் இருந்தது. இந்த வருடம் திருவிழாவுக்குச் சாப்பிட வந்த காமாட்சி சொன்னாள். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு எப்படித் தலைகீழாக நின்றாலும் பச்சை வரவில்லையாம். எப்படி வரும்? எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதே. அழுதுகொண்டு இவளிடம் வந்திருக்கிறார்கள். இவள் ஒவ்வொருத்தியாகக் குழாயடிக்குக் கூட்டிப்போய், காதோடு காதாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். யாருக்கு வார்த்தை போதவில்லையோ அவர்களுக்கு இரண்டு மூன்று கடனும் கொடுத்திருக்கிறாள்.

இப்போது புது ஆட்கள் அத்தனை பேரும் பச்சையாம். வெங்கட் சார் உள்ளே நுழைந்தால் போதும், டி.வி.யில் அவர்கள் கோடெல்லாம் ஒன்றாக எகிறி உச்சியில் போய் முட்டுமாம். அவர் எந்த மேசைப் பக்கம் நடக்கிறாரோ அந்த மேசைக் கோடு இன்னும் ஒரு படி ஏறுமாம். தாம் நேரில் போனாலே தொழிலாளர்களின் கவனம் கூடுகிறது என்று சார் தலைமையகத்துக்கு எழுதியிருக்கிறார். தினமும் நான்கு முறை சுற்றி வரச் சொல்லி அவருக்கு உத்தரவு வந்திருக்கிறதாம்.